எல்-1 சாமி

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தினமும் கும்பிடப்படுகிற ஒரு சாமிக்கு மட்டும் கோயில் கிடையாது. உண்டியல் மட்டும் உண்டு. சாமியின் பெயர் எல்-1.

கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கம் ஒரு ரோடோ, பாலமோ, பள்ளிக்கூடக் கட்டடமோ கட்ட டெண்டர் விடுகிறது. வந்த விலைகளைப் பிரித்து வரிசையாக எழுதுகிறார்கள். எல்லோரையும்விடக் குறைச்சலாகக் கேட்டவர் எல்-1. அவருக்கு அடுத்தவர் எல்-2. வேலை எல்-1-க்கு. கதை முடிந்தது. அவர் போன வருஷம் போட்ட ரோடு இந்த வருஷம் இருக்கிறதா, அவரிடம் மெஷின் இருக்கிறதா வாடகைக்கா, கேட்ட விலையில் அந்த வேலையை மனுஷனால் செய்ய முடியுமா என்பதெல்லாம் பெரும்பாலும் ஃபைலில் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்பதோடு தீர்ந்துவிடும். யாராவது கேள்வி கேட்டால் அதிகாரி நிம்மதியாகச் சொல்வார்: “டெண்டர் விட்டாச்சு சார். எல்-1-க்குத்தான் கொடுத்திருக்கோம்.” பாவமன்னிப்பு கிடைத்துவிட்டது.

நீங்கள் சொந்தமாக வீடு கட்டும்போது மேஸ்திரியை எப்படிப் பிடிப்பீர்கள்? நாலு பேரிடம் விலை கேட்பீர்கள், சரி. ஆனால் அதற்கு முன்னால் அவர் கட்டிய இரண்டு வீட்டைப் போய்ப் பார்ப்பீர்கள். சுவரில் விரிசல் இருக்கிறதா, மழைக்கு மொட்டைமாடி ஒழுகுகிறதா என்று அந்த வீட்டு அம்மாவிடம் விசாரிப்பீர்கள். நாலு பேரில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட முப்பது பர்சென்ட் குறைத்துச் சொன்னால் சந்தோஷப்பட மாட்டீர்கள், பயப்படுவீர்கள். ‘இந்த ஆள் எங்கே கை வைக்கப் போறான்?’ என்று யோசிப்பீர்கள். பணத்தையும் பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பீர்கள். சொந்தக் காசுக்கு இவ்வளவு புத்தி வேலை செய்கிறது. ஊர்க் காசு என்றால் மட்டும் எல்-1 சாமி நம்மைக் காப்பாற்றும் என்று விட்டுவிடுகிறோம்.

இந்த சாமி சமவெளியில் பண்ணுகிற சேட்டையாவது கண்ணில் படும். மலையில் அது ஆளையே அடிக்கும்.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. பெயரில்தான் நாடு. இருப்பது காட்டுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கிராமங்கள். வசிப்பவர்கள் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர் என்பார்கள். இன்றைக்கு அவர்கள் ஆள்வது எதை என்று கேட்காதீர்கள். சந்தனமரத்துக்குப் பெயர் போன மலை. மரம் கீழே இறங்க வழி இருந்தது. கர்ப்பிணிப் பெண் கீழே இறங்கத்தான் வழி இல்லாமல் இருந்தது.

இதே மலைத்தொடரில் காவலூரில், 1986-ல் நம் நாட்டிலேயே உருவாக்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியை நிறுவி நட்சத்திரம் பார்க்கிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. எத்தனையோ ஒளி ஆண்டு தூரத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்த குன்றில் இருக்கிற குடிசைக்கு ரோடு போவது மட்டும் தெரியவில்லை.

2022 ஏப்ரல் 2. தெலுங்கு வருஷப் பிறப்பு. புதூர்நாட்டுப் பக்கம் புலியூரிலிருந்து சேம்பரை கோயிலுக்கு ஒரு சரக்கு வேனில் ஏறிப் போனார்கள். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தது. 11 பேர் செத்துப்போனார்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள், சின்னப் பெண்கள். அடுத்த வருஷம் மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போயிற்று. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, பெற்ற தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாமெல்லாம் ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டோம்.

இப்படி ஏதாவது நடந்தால் அடுத்த வாரமே கலெக்டர் மலையேறுவார். ‘ரோடு போடப்படும்’ என்று அறிவிப்பு வரும். நிதியும் ஒதுக்குவார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பத்திரிகைகளும் நாமும் அந்த இடத்தோடு செய்தியை மூடிவிடுகிறோம். என் பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒதுக்கிய பணத்தை வைத்து ரோட்டை எப்படி வாங்கப் போகிறார்கள்? யாரிடம், என்ன நிபந்தனையில்? மூன்று மழைக்குப் பிறகு அங்கே ரோடு இருக்குமா, ரோடு இருந்த அடையாளம் இருக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

மலை ரோட்டின் எதிரி லாரி இல்லை. தண்ணீர். மேல் சரிவிலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு ஓரத்தில் வாய்க்கால் வேண்டும், குறுக்கே சிறுபாலம் வேண்டும், பள்ளத்துப் பக்கம் தாங்குசுவர் வேண்டும். இவை இல்லாவிட்டால் மேலே எவ்வளவு அழகாகத் தார் ஊற்றினாலும் ஒரு ஐப்பசிக்குத் தாங்காது. ஜல்லி, சிமெண்ட், மணல் எல்லாம் கீழேயிருந்து வர வேண்டும். எஸ்டிமேட்டில் இதற்கு ‘லீடு’ என்று ஒரு கணக்கு உண்டு. சரக்கு எத்தனை கிலோமீட்டர் வருகிறதோ அதற்கேற்ற கூலி. காகிதத்தில் வருகிற டிப்பர் முழு லோடோடு ஏறுகிறது. நிஜ டிப்பர் கொண்டை ஊசி வளைவில் பாதி லோடோடுதான் ஏறும். தார்க்கலவை பிளாண்ட் அடிவாரத்துக்குக் கீழே எங்கோ இருக்கும். கலவை சூடு ஆறுவதற்குள் மேலே வந்து சேர்ந்து உருளை ஓட வேண்டும். ஆறிய கலவையைப் பரப்பினால் அது ரோடு இல்லை, உதிரி பக்கோடா.

இப்போது எல்-1 சாமியை இந்த மலைமேல் ஏற்றிப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, மதிப்பீடு ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பதினெட்டு பர்சென்ட் ‘லெஸ்’ போட்டு 82 லட்சத்துக்கு எடுக்கிறார். அதில் அவர் லாபம் வேண்டும். யார் யாருக்கு எத்தனை பர்சென்ட் என்று ஊரெல்லாம் தெரிந்த ரகசியம் ஒன்று இருக்கிறதே, அதுவும் வேண்டும். மிச்சத்தில்தான் ரோடு. எதைக் குறைப்பார்? மேலே தெரிகிற தாரைக் குறைக்க முடியாது, போட்டோ எடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிறவர் அதன் மேல்தான் நடப்பார். ஆகவே கண்ணுக்குத் தெரியாததைக் குறைப்பார். அடியில் பரப்ப வேண்டிய ஜல்லியின் கனம், தாங்குசுவரின் அஸ்திவார ஆழம், சிமெண்டுக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர், ஓர வாய்க்காலின் நீளம். தண்ணீர் எந்த இடத்தில் தாக்குமோ சரியாக அந்த இடம்.

“மதிப்பீட்டைவிட ரொம்பக் கீழே போனால் கூடுதல் காப்புத்தொகை வாங்குகிறோமே” என்பார்கள். வாங்குகிறீர்கள். நாளைக்கு ரோடு போனால் அந்தத் தொகையைப் பறிமுதல் செய்த கதை எத்தனை தெரியும் உங்களுக்கு?

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு. மலையில் சின்ன வேலைக்குப் போட்டியே வராது. எவனும் நாலு கிலோமீட்டர் ரோட்டுக்கு உருளையை மலையேற்ற மாட்டான். ஒரே ஒருத்தர் விலை கேட்பார். அல்லது மூணு பேர் கேட்பார்கள், மூணும் ஒரே வீட்டுச் சாப்பாடு. இதற்குப் பெயர் ‘ரிங்’. மதிப்பீட்டுக்கு ஒட்டி ஒருத்தர், அதற்கு மேலே இரண்டு டம்மி. அங்கேயும் ஒரு எல்-1 இருப்பார், அவருக்குத்தான் வேலை. சட்டப்படி எல்லாம் சுத்தம். சாமி எந்த அவதாரத்திலும் வரும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெண்டர் என்கிற ஏற்பாட்டை நான் கேலி செய்யவில்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று 1998-ல் நிறைவேற்றி, 2000-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது தமிழ்நாடு. மற்ற பல மாநிலங்கள் இதை யோசிக்காத காலம் அது. அதற்கு முன்னால் அமைச்சர் சொன்ன ஆளுக்கு வேலை. டெண்டர் பெட்டியைச் சுற்றி வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் நிற்பார்கள். வெளியூர் கான்ட்ராக்டர் கவரோடு வந்தால் கவரோடு திரும்பிப் போவார். சட்டம் வந்தபிறகு டெண்டர் அறிவிதழ் என்று ஒன்று வந்தது. இரண்டு கோடி வரைக்குமான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேலே 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. பிறகு பெட்டிக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்தது.

கம்ப்யூட்டர் வந்ததும் ரிங் ஒழிந்ததா? 2023-ல் சட்டமன்றத்தில் வைத்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் பார்த்தால் தெரியும். ஒருவருக்கொருவர் போட்டி என்று காட்டிக்கொண்ட கான்ட்ராக்டர்கள் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து விலை ஏற்றியிருக்கிறார்கள். முன்னே ஒரே ஜீப்பில் வந்து தனித்தனிக் கவர் போட்டார்கள். இப்போது ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தனித்தனி பாஸ்வேர்ட் போடுகிறார்கள். முன்னேற்றம்தான்.

அப்படியென்றால் டெண்டரே வேண்டாம், நல்ல ஆளாகப் பார்த்து நேரே கொடுத்துவிடலாமா? அதையும் பார்த்துவிட்டோம். குஜராத்தில் மோர்பி தொங்கு பாலம். பராமரிக்கிற வேலையை டெண்டர் இல்லாமல் கடிகாரம் செய்கிற ஒரு குழுமத்துக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். 2022 அக்டோபர் 30-ந் தேதி பாலம் அறுந்தது. 135 பேர். நம் ஊரில் 2017-ல் குடிமராமத்து என்று பழைய நல்ல பெயர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். டெண்டர் கிடையாது, ஏரிப் பாசன விவசாயிகள் சங்கமே செய்யும் என்றார்கள். யோசனை எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் விவசாயியின் பெயரில் சங்கம், சங்கத்தின் பெயரில் கட்சிக்காரர், அவர் பெயரில் பொக்லைன் என்று ஊருக்கு ஊர் புகார். டெண்டர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே நேர்மையைத் தீர்மானிக்காது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

எல்-1 சாமியின் லீலைகளை வேலூர்க்காரர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். 2022 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி வேலையில் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலேயே, சக்கரம் புதைய கான்கிரீட் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாசம் கழித்து சத்துவாச்சாரியில் கைப்பம்பை நடுவில் வைத்தே கால்வாய் கட்டினார்கள். நாடு முழுக்கச் சிரித்தது. சிரிக்கிற விஷயமா அது? அவசரத்தில் இரவோடு இரவாக வேலையை முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய நிலையில் உள்ளவன்தான் பைக்கை நகர்த்த நேரமில்லாமல் போவான். பெரும்பாலும் அவன் கான்ட்ராக்டர்கூட இல்லை. கான்ட்ராக்டரிடம் வேலை எடுத்த சப்-கான்ட்ராக்டரிடம் கூலிக்கு வந்தவன். எல்-1-க்குக் கீழே இன்னும் கீழான எல்-1 ஒன்று, அதற்கும் கீழே ஒன்று என்று அடுக்கடுக்காக இருக்கிறது. டெண்டரில் கையெழுத்துப் போட்டவர் அந்தத் தெருவைப் பார்த்தே இருக்க மாட்டார்.

பக்கத்து விழுப்புரத்தில் தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணை, 25 கோடிச் சொச்சம். 2020 செப்டம்பரில் திறந்தார்கள், 2021 ஜனவரியில் உடைந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலம், 16 கோடி. 2024 செப்டம்பரில் திறந்தார்கள், டிசம்பர் வெள்ளத்தில் போயிற்று. இரண்டாவது கதையில் கான்ட்ராக்டரை மட்டும் திட்டுவது சரியில்லை. பாலத்தை வடிவமைத்தது விநாடிக்கு 54,000 கனஅடி சுமாருக்கு, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து வந்தது அதைப்போலப் பல மடங்கு என்று அரசாங்கமே விளக்கம் சொன்னது. இருக்கட்டும். அப்போது யார் பொறுப்பு? வரைந்தவர் ஒருத்தர், விலை போட்டவர் ஒருத்தர், கட்டியவர் ஒருத்தர், மேற்பார்வை பார்த்தவர் ஒருத்தர். பாலம் போனதும் நாலு பேரும் நாலு திசையில் கை காட்டுகிறார்கள். நாலும் உண்மைதான், அதுதான் கொடுமை.

வரைவதையும் கட்டுவதையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் கை காட்ட ஆள் இருக்காது என்று ஒரு கட்சி உண்டு. இ.பி.சி. என்பார்கள். பீகாரில் கங்கை மேல் அகுவானி - சுல்தான்கஞ்ச் பாலத்தை அப்படித்தான் கொடுத்தார்கள். கட்டி முடிக்கும் முன்பே 2022-ல் ஒரு பகுதி, 2023-ல் ஒரு பகுதி, 2024-ல் ஒரு பகுதி என்று ஆற்றில் விழுந்தது. முறைக்குப் பெயர் மாற்றினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டலாம்.

சரி, எங்காவது உருப்படியாக நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. ரொம்ப தூரம் போக வேண்டாம். கேரளாவில் வடகரைப் பக்கம் 1925-ல் வாக்படானந்தர் என்கிற சீர்திருத்தத் துறவியைப் பின்பற்றிய கூலித் தொழிலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். நூறு வருஷம் ஆகிவிட்டது. வேலை செய்கிறவர்தான் முதலாளி. அரசாங்க ரோடு, பாலம் எல்லாம் எடுக்கிறார்கள். தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு விலையில் சலுகை என்று கேரள அரசு விதியே வைத்திருக்கிறது. கொஞ்சம் அதிகமாகக் கேட்டாலும் வேலை கிடைக்கும். தனியார் கான்ட்ராக்டர்கள் கோர்ட்டு வரை போய்ச் சண்டை போட்டார்கள், அது வேறு கதை. கொச்சியில் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016-ல் டெண்டர் முறைப்படி கட்டி, திறந்து, மூன்று வருஷம் முடிவதற்குள் 2019-ல் மூடினார்களே, அதை ஸ்ரீதரன் மேற்பார்வையில் பிரித்து மறுபடி கட்டியவர்கள் இந்தச் சங்கத்துக்காரர்கள்தான். 2021 மார்ச்சில் வண்டி ஓடியது, குறித்த நாளுக்கு முன்பே.

கேரளா என்றதும் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1996-க்குப் பிறகு மக்கள் திட்டம் என்று ஊராட்சி வேலைகளை ஊர்க் குழுவிடம் கொடுத்தபோது பல இடங்களில் குழுவுக்குப் பின்னால் பழைய கான்ட்ராக்டரே பினாமியாக உட்கார்ந்தார். ஆனால் ஊராளுங்கலில் அது நடக்கவில்லை. ஏன்? குழு ஒரு வேலைக்காகச் சேர்ந்து கலைகிறது. சங்கம் அடுத்த வேலைக்கும் அதே பெயரோடு வந்து நிற்க வேண்டும். பெயர் கெட்டால் ஆயிரக்கணக்கான பேர் வீட்டில் அடுப்பு எரியாது.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. பொள்ளாச்சிக் கோட்டத்தில் நெடுஞ்சாலைத் துறை சுமார் 377 கிலோமீட்டர் ரோட்டை ஐந்து வருஷத்துக்கு மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தது. ஒவ்வொரு குழிக்கும் தனி எஸ்டிமேட், தனி பில் என்பது கிடையாது. ரோடு நன்றாக இருந்தால் மாசாமாசம் பணம், குழி விழுந்து குறித்த நாளுக்குள் மூடாவிட்டால் பிடித்தம். ரோடு கெட்டால் கான்ட்ராக்டருக்கு லாபம் என்றிருந்த ஊரில், ரோடு கெட்டால் கான்ட்ராக்டருக்கு நஷ்டம் என்று ஆக்கினார்கள். எவ்வளவு சின்ன மாற்றம் பாருங்கள். பிற்பாடு வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். இதிலும் ஓட்டை இருக்கிறது. இவ்வளவு பெரிய வேலையைப் பெரிய கம்பெனிதான் எடுக்க முடியும், உள்ளூர்ச் சின்ன ஆள் காலி. மாநில நெடுஞ்சாலைக்கு அது பரவாயில்லை. மலைக் கிராமத்துக்குச் சரிப்படாது.

மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் வந்தபோது, போட்டவரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். நல்ல நிபந்தனை. ஆனால் 500 பேர் இருந்தால்தான் ரோடு, மலை என்றால் 250 என்று வைத்தார்கள். நெல்லிவாசல்நாடு மாதிரி இடத்தில் இருபது வீடு இங்கே, முப்பது வீடு அங்கே. தலையை எண்ணித்தான் ரோடு என்றால் இவர்கள் என்றைக்கும் எண்ணிக்கையில் வர மாட்டார்கள். 2023 நவம்பரில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கென்று பி.எம். ஜன்மன் திட்டம் வந்தது, அதில் நூறு பேர் இருந்தாலே ரோடு. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஜவ்வாது மலை மலையாளி அதில் இல்லை. பழங்குடிதான், ஆனால் போதுமான அளவு பின்தங்கவில்லையாம். டோலி கட்டி இறங்குகிறவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

எல்-1 ஒன்றும் மாற்ற முடியாத வேதம் இல்லை. மத்திய நிதி அமைச்சகமே 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டலில், தரம் முக்கியம் என்று கருதும் கட்டுமான வேலைகளில் விலை தவிர்த்த தகுதிக்கு முப்பது பர்சென்ட் வரை மார்க் போடலாம் என்று சொல்லிவிட்டது. உடனே ஒரு குரல் வரும்: “மார்க் போடுகிற அதிகாரி தன் ஆளுக்குப் போட மாட்டாரா?” போடுவார். நல்ல கேள்வி, இந்த விவாதத்தில் எனக்கு மதிப்புள்ள ஒரே கேள்வியும் இதுதான். அதனால்தான் மார்க் அதிகாரியின் மூளையிலிருந்து வரக்கூடாது என்கிறேன். கான்ட்ராக்டர் கடந்த ஐந்து வருஷத்தில் போட்ட ரோடுகளின் பட்டியலை ஒட்டுங்கள். எதில் எத்தனை மாசத்தில் குழி விழுந்தது, எத்தனை முறை ஒட்டுப் போட்டது என்று எழுதுங்கள். இதெல்லாம் துறையிடம் ஏற்கெனவே இருக்கிற கணக்கு. அது தானாக மார்க் போடும். பள்ளிக்கூடப் பையனுக்கு ப்ளஸ் டூ மார்க்கைச் செய்தித்தாளில் போட்ட நாடு, கான்ட்ராக்டருக்கு ஒரு ரேங்க் கார்டு கொடுக்க ஏன் கூச்சப்படுகிறது?

நெல்லிவாசல்நாட்டுக்கு என் யோசனை இதுதான். மலை வேலையைச் சமவெளி வேலையோடு சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டாதீர்கள். கட்டினால் எடுக்கிறவர் கீழே உள்ள சுலபமான ரோட்டை முடித்து பில் வாங்கிக்கொண்டு, மலை ரோட்டைக் கடைசி வரை இழுப்பார். மலைமேல் உள்ள மூன்று ஊராட்சிக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் என்றால் உருளையை ஒரு தடவை ஏற்றினால் போதும், போட்டிக்கும் ஆள் வரும். பணத்தில் ஒரு கணிசமான பங்கை நிறுத்தி வைத்து ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்தபிறகும் ரோட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மழைதான் நம்மிடம் உள்ள ஒரே நேர்மையான சூப்பர்வைசர். அது எவரிடமும் கவர் வாங்காது.

தாங்குசுவர், கல் பதிப்பது, வாய்க்கால் வெட்டி வருஷா வருஷம் தூர் எடுப்பது, இந்த வேலைகளுக்கு டெண்டரே வேண்டாம். அங்கே உள்ள பழங்குடிக் கூட்டுறவில் தொழிலாளர் அமைப்பு ஒன்றை உருவாக்கி, மதிப்பிட்ட விலைக்கே, ஒரு பைசா குறைக்காமல் கொடுங்கள். விலையில் போட்டி வேண்டாம். கூலி அவரவர் பேங்க் கணக்குக்கு. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது அடிவாரத்து ஏ.ஈ.-க்கு லெவல் கருவி வைத்தால்தான் தெரியும். மேலே உள்ள கிழவிக்குக் கண்ணை மூடினாலே தெரியும். இதற்கு டெண்டர் சட்டம் குறுக்கே நிற்கும் என்றால் சட்டத்தைத் திருத்துங்கள். அவசரம், பேரிடர் என்று விதிவிலக்குக் கொடுக்க அந்தச் சட்டத்திலேயே 16-வது பிரிவு இருக்கிறது. வெள்ளத்தில் போன பாலத்துக்குக் கிடைக்கிற விதிவிலக்கு, போவதற்கு முன்னால் ஏன் கிடைக்கக்கூடாது?

இன்னொன்று, காடு. மலையில் டெண்டர் விட்டு, ஒர்க் ஆர்டர் கொடுத்து, ஜல்லி ஏறும்போது வனத்துறை நிறுத்தும். பிறகு இரண்டு வருஷம் கடிதப் போக்குவரத்து. விலைவாசி ஏறிவிடும், கான்ட்ராக்டர் கூடுதல் கேட்பார் அல்லது ஓடிவிடுவார். பெண் வீட்டாரிடம் சம்மதம் கேட்காமலே பத்திரிகை அடிக்கிற வேலை இது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் ரோடு, பள்ளி, ரேஷன் கடை போன்றவற்றுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேர் வரை காட்டு நிலத்தைக் கொடுக்க வழி இருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. அகலம் குறைந்த கிராமத்து ரோட்டுக்கு அது எவ்வளவு தூரம் போதும் என்று எஞ்சினியர் ஐந்து நிமிஷத்தில் கணக்குப் போடுவார். அந்த அனுமதி கையில் வந்தபிறகு டெண்டர் அறிவிப்பு வரட்டும். அதற்கு முன்னால் விடப்படும் டெண்டர் போட்டோவுக்கு.

செலவு அதிகமாகுமே என்பார்கள். ஆகும். 82 லட்சத்துக்கு முடிகிறது என்று சொல்லப்படுகிற வேலை ஒரு கோடிக்கும் மேலே போகும். ஆனால் அந்த 82 லட்சத்தை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் மறுபடி கொட்டுகிறோமே, அதைக் கூட்டிப் பார்த்தது யார்? அந்தக் கணக்கு எந்த ஃபைலிலும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் புது டெண்டர், புது எல்-1, புதுக் கல்வெட்டு.

எம்-புக் என்று ஒன்று இருக்கிறது. அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் ரோடு, எத்தனை சென்டிமீட்டர் கனம், எத்தனை கன மீட்டர் கல்சுவர் என்று அளந்து எழுதி, அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். அந்த நோட்டுக்குள் இருப்பதும் மலைமேல் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க எந்தப் பட்டப்படிப்பும் வேண்டாம், ஒரு டேப்பும் ஒரு கடப்பாரையும் போதும். அக்டோபர் 2-ந் தேதி எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. நெல்லிவாசல்நாட்டிலும் கூடும். அன்றைக்கு அந்த எம்-புக்கைக் கொண்டுபோய்த் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டும்படி திருப்பத்தூர் கலெக்டர் ஒரு உத்தரவு போடட்டும். படித்து முடித்ததும் கடப்பாரையோடு எல்லோருமாக ரோட்டுக்குப் போகலாம்.